ஒரு ரூபாய் ஊருக்குள்ள எத்தனை சுத்து சுத்துது? வருமான ஏற்றத்தாழ்வும் உங்க சம்பளமும்



போன ஜூலையில ரிட்டர்ன் ஃபைல் பண்ண ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். வயசு 26. சொந்த ஊர் நம்ம திருவண்ணாமலை பக்கம்தான், வேலை சென்னையில. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 30,000. வேலை முடிஞ்சு எழுந்து போறப்ப கேட்டார்: "சார், இந்தியா வேகமா வளருதுன்னு தினம் நியூஸ்ல சொல்றாங்க. எனக்கு மாசக் கடைசியில 1,500 ரூபாய் கூட நிக்க மாட்டேங்குது. அந்த வளர்ச்சி எங்க சார் போகுது?"

அவசரத்துல "பட்ஜெட் போடுங்க தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது சரியான பதில் இல்லைன்னு அப்பவே தெரியும். அந்தக் கேள்விக்கு கொஞ்சம் நிதானமா பதில் சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. இதுல எஸ்ஐபி டிப்ஸ் கிடையாது. ஆனா உங்க சம்பளம், உங்க வேலை, உங்க ஊர் எல்லாத்தையும் தொடுற விஷயம் இது.

முதல்ல, நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?

பாரிஸ்ல இருக்கிற வேர்ல்ட் இன்ஈக்வாலிட்டி லேப், இந்தியாவோட வருமானக் கணக்கை 1922-ல் இருந்து எடுத்துப் போட்டு 2024 மார்ச்சில் ஒரு அறிக்கை வெளியிட்டது. தாமஸ் பிகெட்டியும் அதை எழுதினவங்கள்ல ஒருத்தர். 2022-23க்கு அவங்க சொல்ற கணக்கு இது:

- மேல இருக்கிற 1% பேருக்கு நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6% போகுது.
- மேல இருக்கிற 10% பேருக்கு 57.7%.
- கீழ் பாதிக்கு, அதாவது 50% மக்களுக்கு, வெறும் 15%.
- மேல் 10%-க்குள் நுழைய ஒருத்தருக்கு வருஷ வருமானம் சுமார் 2.9 லட்சம் இருந்தா போதும். மேல் 1%-க்குள் நுழைய சுமார் 20.7 லட்சம் வேணும்.

நாலாவது வரியை இன்னொரு தடவை படிங்க. 2.9 லட்சம்னா மாசம் 24,000 சொச்சம். அப்போ 30,000 வாங்குற அந்தத் தம்பி இந்தியாவோட மேல் 10%-ல இருக்காரா?

இங்கதான் ஒரு நுணுக்கம் இருக்கு. இது தலைக்கணக்கு. வயது வந்த எல்லாரையும், சம்பாதிக்காதவங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. தம்பியோட வீட்டுல அப்பாவுக்கு இப்ப வேலை இல்லை, அம்மா வீட்டோட இருக்காங்க. வருஷத்துக்கு 3.6 லட்சத்தை மூணு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 1.2 லட்சம். அதே அறிக்கையில் நாட்டின் சராசரி சுமார் 2.35 லட்சம். ஸ்லிப்பைப் பார்த்தா மேல் படி, வீட்டைப் பார்த்தா சராசரியில் பாதி. மாசக் கடைசியில் ஏன் கை காயுதுன்னு இப்ப புரியுதா?

"ஆனா இந்தியாவுல ஏற்றத்தாழ்வு குறைஞ்சிடுச்சுன்னு படிச்சேனே"ன்னு சிலர் கேப்பீங்க. அதுவும் உண்மையான எண்தான். மத்திய அரசோட 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு சர்வேயில் ஜினி குறியீடு கிராமத்துக்கு 0.237, நகரத்துக்கு 0.284. எல்லாருக்கும் சமமா இருந்தா பூஜ்யம், ஒரே ஆள்கிட்ட எல்லாம் இருந்தா 1. அப்படிப் பார்த்தா இது குறைவுதான். ஆனா அந்த சர்வே அளக்கிறது செலவை. மாசம் 15,000 சம்பாதிக்கிறவர் 15,000-ஐயும் செலவு பண்ணுவார். மாசம் 15 லட்சம் சம்பாதிக்கிறவர் 3 லட்சம் செலவு பண்ணினாலே பெரிய விஷயம். வருமானத்துல 100 மடங்கு வித்தியாசம், செலவுல 20 மடங்காச் சுருங்கிடும். மீதி சொத்தா மாறுது, சர்வே படிவத்துல வராது. பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்காம செலவுப் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியை எடை போடுற மாதிரி.

ஏற்றத்தாழ்வு இருந்தா வளர்ச்சிக்கு என்ன கேடு?

இதுக்கு எதிர்க்கட்சி வாதம் ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு, அதை நியாயமா சொல்லிடறேன். பணக்காரங்கதான் சேமிக்கிறாங்க, சேமிப்புதான் முதலீடாகுது, முதலீடுதான் ஃபேக்டரி ஆகுது. அதனால ஆரம்பத்துல ஏற்றத்தாழ்வு கூடும், நாடு வளர வளர தானா குறையும். சைமன் குஸ்நெட்ஸ் 1955-ல் எழுதின கட்டுரையில் இருந்து கிளம்பின கருத்து இது. இதுல பாதி சரி. உழைப்புக்கும் திறமைக்கும் கூடுதல் பலன் இல்லைன்னா யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டாங்க. நான் அஞ்சாறு வருஷம் சிஏ படிச்சதே அந்த நம்பிக்கையிலதான்.

மீதிப் பாதிதான் பிரச்சினை. "தானா குறையும்"ங்கிறது எல்லா நாட்டுலயும் நடக்கலை. 2015-ல் ஐஎம்எஃப் ஆய்வாளர்கள் பல நாடுகளோட கணக்கை வெச்சு ஒண்ணு சொன்னாங்க. மேல் 20% பேரோட பங்கு 1 சதவீதப் புள்ளி கூடினா, அடுத்த அஞ்சு வருஷத்துல வளர்ச்சி 0.08 புள்ளி குறையுது. கீழ் 20% பேரோட பங்கு அதே 1 புள்ளி கூடினா, வளர்ச்சி 0.38 புள்ளி கூடுது. சொன்னது கம்யூனிஸ்ட் கட்சி இல்லீங்க, ஐஎம்எஃப்.

ஏன் இப்படி? அதுக்கு நம்ம மாவட்டத்துலயே ஒரு பாடம் இருக்கு.

வட ஆற்காட்டுல எடுத்த கணக்கு

1989 வரைக்கும் திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்துலதான் இருந்தது. பசுமைப் புரட்சி வந்த புதுசுல, 1973-74ல், கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்கள்ல வீடு வீடாப் போய் கணக்கு எடுத்தாங்க. புது நெல் ரகத்தால பெரிய விவசாயிக்குத்தான் லாபம், சின்னவங்க பின்தங்கிப் போறாங்கங்கிறதுதான் அப்போ பரவலா இருந்த கவலை. சுமார் பத்து வருஷம் கழிச்சு அதே கிராமங்களுக்கு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும், வாஷிங்டன்ல இருக்கிற சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் மறுபடி போனாங்க. பீட்டர் ஹேசலும், பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆன சி. ராமசாமியும் அதை 1991-ல் புத்தகமாக் கொண்டுவந்தாங்க.

அவங்க பார்த்தது வேற கதை. சின்ன விவசாயிகளும் புது ரகத்துக்கு மாறியிருந்தாங்க. அவங்க வருமானமும் நிலமில்லாத கூலிக் குடும்பங்களோட வருமானமும் உயர்ந்திருந்தது. அதோட ஒரு எண்ணைக் கண்டுபிடிச்சாங்க: விவசாயத்துல கூடுதலா உருவான ஒவ்வொரு 1 ரூபாயும், விவசாயத்துக்கு வெளியே இன்னொரு 87 பைசா வருமானத்தை இந்த வட்டாரத்துல உருவாக்கியிருக்கு. அதுல ஏறக்குறைய பாதி உரக்கடை, மோட்டார் ரிப்பேர், அரிசி மில், வண்டி வாடகைன்னு விவசாயம் சார்ந்த தொழில்களால வந்தது. மீதி, கையில கொஞ்சம் காசு பார்த்த குடும்பங்கள் துணி, பாத்திரம், டீ, சினிமா, பள்ளிக்கூடம்னு செலவு பண்ணினதால வந்தது.

எங்க அப்பா ஆரணியில் ஒரு அரிசி மில்லுல கணக்கு எழுதினவர். மூட்டைக் கணக்கு, லாரிக் கணக்கு, கூலிக் கணக்கு. அந்தப் புத்தகத்தைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது: எங்க வீட்டுச் சாப்பாடே அந்த 87 பைசாவுல இருந்துதான் வந்திருக்கு. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனா யாரோ ஆயிரம் விவசாயிங்க நெல்லு கூடுதலா விளைஞ்சதால மில் ஓடிச்சு, மில் ஓடினதால அப்பாவுக்குச் சம்பளம், அந்தச் சம்பளத்துல நான் படிச்சேன்.

இதைக் கணக்காப் பார்க்கலாம். புரியறதுக்காக நான் போடுற உதாரணக் கணக்கு இது. ஊருக்குள்ள 1 கோடி ரூபாய் புதுசா வருதுன்னு வெச்சுக்குங்க.

- வழி ஒண்ணு: 1,000 குடும்பத்துக்கு ஆளுக்கு 10,000. அவங்க 100 ரூபாய்க்கு 60 ரூபாயை உள்ளூர்லயே செலவு பண்றாங்க. அதை வாங்கின கடைக்காரர், தையல்காரர், ஆட்டோக்காரர் அதுல 60%-ஐ மறுபடி உள்ளூர்லயே செலவு பண்றாங்க. 100, 60, 36, 21.60 என்று சுத்திச் சுத்தி மொத்தம் 250 ஆகுது. 1 கோடி, 2.5 கோடி வருமானமா மாறுது.
- வழி ரெண்டு: ஒரே குடும்பத்துக்கு 1 கோடி. உள்ளூர்ல 20% செலவாகுது. மீதி சென்னை அபார்ட்மென்ட், இறக்குமதி கார், வெளிநாட்டு டூர். ஊருக்குள்ள மிஞ்சினதும் இதே 20% கணக்குல சுத்தினா 100, 20, 4, 0.80. மொத்தம் 125. 1 கோடி, 1.25 கோடியோட நின்னுடுது.

வந்த பணம் ஒண்ணுதான். யார் கைக்கு வந்ததுங்கிறதுல ஊரோட வருமானம் பாதியாக் குறையுது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் கிரிவலம் வர்ற ஊர் நம்மளது. அவங்க 14 கிலோமீட்டர் சுத்தறாங்க, அவங்க கொண்டு வர்ற பணம் எத்தனை சுத்து சுத்துதுங்கிறதுதான் ஊருக்கு முக்கியம். பாதையில இட்லி போடுற அக்காகிட்ட கொடுத்த 50 ரூபாய் மறுநாளே மளிகைக்கடைக்குப் போகும். வெளியூர் முதலாளியோட ஹோட்டல்ல கட்டின 5,000-ல ஊழியர் சம்பளமும் காய்கறிச் செலவும் போக மீதி ஊரைத் தாண்டிப் போயிடும்.

காசு இல்லாதவருக்கு வட்டி ஜாஸ்தி

ரெண்டாவது வழி கடன். அதே பாதையில பூ விக்கிறவங்க, பொரி விக்கிறவங்க பலர் தண்டல்ல பணம் வாங்குறாங்க. வழக்கமான கணக்கு: கையில 9,000 கொடுப்பாங்க, தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம் ரூபாதானே வட்டி, 11%தானே"ன்னு தோணும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசல் திரும்பிப் போயிட்டே இருக்கு. சரியாக் கணக்குப் போட்டா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 78% வட்டி.

சம்பள ஸ்லிப் காட்டினா உங்களுக்கு வீட்டுக் கடன் 8, 9 சதவீதத்துல கிடைக்கும். உங்களைவிட அந்த அக்காவுக்குத் தொழில்ல லாப விகிதம் அதிகமாக் கூட இருக்கலாம். ஆனா அடமானம் வைக்க ஒண்ணும் இல்லாததால 78%. அந்தக் கடை என்னிக்கும் தள்ளுவண்டியைத் தாண்டாது. பொருளாதாரப் பாஷையில சொன்னா, நல்ல லாபம் தரக்கூடிய முதலீடு நடக்காமலே போகுது. நாட்டுல இப்படி எத்தனை தள்ளுவண்டி இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்காகத்தான் 2020-ல் பிஎம் ஸ்வநிதி வந்தது. முதல் கடன் 10,000-ஆ இருந்தது, 2025-ல் 15,000 ஆச்சு. ஒழுங்காக் கட்டினா அடுத்தது 25,000, அதுக்கப்புறம் 50,000. ஒழுங்காக் கட்டுறவங்களுக்கு 7% வட்டி மானியமும் உண்டு. உங்களுக்குத் தெரிஞ்ச வியாபாரி யாராவது இருந்தா சொல்லுங்க.

திறமை பாதியில நிக்கும்போது

மூணாவது வழியை எண்ணுல சொல்ல எனக்கு வராது.

நான் சிஏ படிச்சப்போ கூட ஒருத்தன் இருந்தான். செங்கம் பக்கத்துல கிராமம். காஸ்டிங் பேப்பர்ல எங்க எல்லாரையும்விட கெட்டி, எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். ரெண்டு பேரும் ஒரே அட்டெம்ப்ட்ல முதல் குரூப் பாஸ் பண்ணினோம். ஆர்டிகிள்ஷிப்ல வர்ற ஸ்டைபெண்ட் அப்போ பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாப் போகும். அந்த வருஷம் அவங்க போர் வத்திடுச்சு. இன்னொரு போர் போட அவங்க அப்பா கடன் வாங்கினார், அதுலயும் தண்ணி வரலை. அவன் படிப்பை நிறுத்திட்டு ஒசூர்ல ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேலைக்குப் போயிட்டான். எங்க அப்பாவுக்கு மாசம் பிறந்தா சம்பளம் வந்தது, அவங்க அப்பாவுக்கு வரலை. எங்க ரெண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்பவும் போன்ல பேசுவோம். "நீ சிஏ ஆயிட்டே, சந்தோஷம்டா"ன்னு அவன் சொல்றப்ப எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாது. அவனுக்கு நஷ்டம், சரி. நாட்டுக்கும் நஷ்டம்தானே? ஒரு நல்ல ஆடிட்டர் குறைஞ்சார். இது மாதிரி டாக்டர், இன்ஜினியர், தொழில் முனைவோர் எத்தனை பேர் குறைஞ்சாங்கன்னு எந்த ஜிடிபி கணக்குலயும் வராது.

மனையில முடங்கும் பணம்

நாலாவது, நிலம். கிரிவலப் பாதையை ஒட்டி, பைபாஸை ஒட்டி மனை விலை ஏறின வேகத்துக்கு இந்த ஊர்ல யாருக்கும் சம்பளம் ஏறலை. மேல் படியில குவியுற பணம் பாதுகாப்பா ஒரு இடம் தேடும், நம்ம ஊர்ல அது காம்பவுண்டு போட்ட காலி மனையா நிக்குது. அந்த மனையில் ஒருத்தருக்கும் வேலை கிடையாது, விளைச்சலும் கிடையாது. உள்ளூர்ல டீச்சரா, நர்ஸா வேலை பார்க்கிறவங்க ஊருக்கு வெளியே தள்ளித் தள்ளிப் போறாங்க.

அப்போ தமிழ்நாடு எப்படி முன்னேறிச்சு?

நல்ல கேள்வி. நம்ம மாநிலம் முன்னாடி நிக்கறதுக்கு ஒரு காரணம், இந்தக் கசிவுகள்ல சிலதை முன்னாடியே அடைச்சது. 1956-ல் காமராஜரோட மதிய உணவு, 1982-ல் எம்ஜிஆரோட சத்துணவு, 2022-ல் ஆரம்பிச்ச காலை உணவு. எல்லாருக்கும் ரேஷன். 2021-ல் இருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ல கட்டணம் இல்லை. 2023-ல் இருந்து மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000. "இலவசம்"னு ஒரே வார்த்தையில ஒதுக்கிடாம, கணக்குப் பார்வையில பாருங்க. பசியில்லாம ஒரு பிள்ளை வகுப்புல உட்கார்ந்தா அது செலவா, முதலீடா? பஸ் காசு மிச்சமாகி ஒரு பொண்ணு பத்து கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போனா அது என்ன?

எல்லாத் திட்டமும் சரின்னு நான் சொல்லலை. மாநிலத்துக்குக் கடன் இருக்கு, வட்டி கட்டணும். அந்த விவாதம் வேணும். ஆனா கீழ இருக்கிறவர் கையில போற காசு ஊர்லயே சுத்தி வளர்ச்சியா மாறும்ங்கிறதையும் அந்த விவாதத்துல சேர்த்துக்கணும்.

பலவீனமும் இருக்கு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 48% பேர் நகரவாசிகள், நம்ம மாவட்டத்துல 20% தான். தொழிற்சாலை வேலை சென்னை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர் பக்கமே குவிஞ்சிருக்கு. செய்யாறு சிப்காட்ல காலணித் தொழிற்சாலை வந்த பிறகு, சுத்துவட்டாரக் கிராமத்துப் பெண்கள் நிறைய பேர் முதல் முறையா பிஎஃப், இஎஸ்ஐ பிடிச்ச சம்பள ஸ்லிப்பைக் கையில வாங்கினாங்க. அந்த மாதிரி இன்னும் பத்து இடம் வேணும். அதுதான் அடுத்த 87 பைசா.

சரி, நான் என்ன பண்ணணும்?

குற்ற உணர்ச்சி வேண்டாம். நீங்களும் உழைச்சுத்தான் சம்பாதிக்கிறீங்க. ஆனா சில விஷயம் இன்னிக்கே செய்யலாம்.

1. உங்க தலைக்கணக்கைப் போடுங்க. குடும்ப வருமானத்தை வயது வந்தவங்க எண்ணிக்கையால வகுங்க. இன்ஸ்டாகிராம்ல பார்க்கிற வாழ்க்கை பெரும்பாலும் 20.7 லட்சத்துக்கு மேல இருக்கிற அந்த 1% பேரோடது. அதைப் பார்த்து இஎம்ஐ போடாதீங்க.

2. உங்க வேலையும் இதுல மாட்டியிருக்குன்னு புரிஞ்சுக்குங்க. சோப்பு, பிஸ்கட், பைக், செல்போன் விக்கிற கம்பெனிக்குக் கீழ் 50% பேரும் மார்க்கெட்தான். அவங்க கை காஞ்சா விற்பனை நிக்கும், உங்க இன்க்ரிமென்ட்டும் நிக்கும். ஷேர் வாங்குறப்ப "விலையை ஏத்தி லாபமா, எண்ணிக்கை கூடி லாபமா"ன்னு பாருங்க.

3. வீட்டு வேலை செய்யற அக்காவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பேங்க் கணக்கு இருந்தா, வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, வயசு 50-க்குள்ள இருந்தா 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. வயசு 40-க்குள்ள இருந்தா அடல் பென்ஷன். 2022 அக்டோபர்ல இருந்து வருமான வரி கட்டுறவங்க அடல் பென்ஷன்ல சேர முடியாது, ஆனா அவங்க சேரலாம். ஒரு விபத்தோ ஒரு சாவோ அந்தக் குடும்பத்தைத் தண்டலுக்குத் தள்ளாம இருக்கும்.

4. சொந்தத்துல, தெருவுல படிப்பை நிறுத்தப்போற ஒரு பிள்ளை இருந்தா விசாரிங்க. பல நேரம் தடையா இருக்கிறது ஒரு செமஸ்டர் ஃபீஸ், ஒரு எக்ஸாம் ஃபீஸ்தான். என் ஃப்ரெண்டுக்கு அன்னிக்குத் தேவைப்பட்டது ரெண்டு வருஷத்துக்கு மாசம் ரெண்டாயிரம் ரூபாய். கேக்க அவனுக்குக் கூச்சம், கொடுக்க எங்க யார்கிட்டயும் இல்லை. இன்னிக்கு என்கிட்ட இருக்கு, உங்கள்ல பல பேர்கிட்டயும் இருக்கு.

அந்தத் தம்பி மறுபடி வந்தா இதைத்தான் சொல்லணும்னு இருக்கேன்: வளர்ச்சி இருக்கு தம்பி, பொய் இல்லை. ஆனா அது பாதி வழியில சிலர் கையோட நின்னுடுது, உங்க வீடு வரைக்கும் சுத்தி வரலை. உங்க பட்ஜெட் தப்புன்னு நான் சொன்னது அவசரத்துல சொன்னது.

உங்க தலைக்கணக்கு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பார்த்துட்டு சொல்லுங்க. அடுத்த வீடியோவுல தண்டல், மைக்ரோஃபைனான்ஸ், நகைக்கடன் மூணுக்கும் உண்மையான வட்டி எவ்வளவுன்னு கால்குலேட்டரோட உட்காரலாம்.